கந்தோர் அக்காவும் இருமாத மூன்று பேரும்

எங்கள் ஒழுங்கையில் இப்போது யாரும் யாரையும் ஏசுவதில்லை. குழந்தை பிறந்தால் வடிவான குழந்தை என்கிறார்கள். பிள்ளை சோதனை பாஸ் பண்ணினால் கெட்டிக்காரன் என்கிறார்கள். புது மோட்டார் சைக்கிள் வாங்கினால் அதற்குப் பக்கத்தில் நின்று படம் எடுத்து உலகத்துக்கே காட்டுகிறார்கள். கேட்க நல்லாகத்தான் இருக்கிறது. ஆனால் எனக்கு உப்பில்லாத கஞ்சி குடித்த மாதிரி இருக்கிறது. இருபது வருசம் கந்தோர் அக்காவின் பக்கத்து வீட்டில் குடியிருந்தவனுக்கு வேறு எப்படி இருக்கும்? அவர் பென்சன் எடுத்துக்கொண்டு மட்டக்களப்பில் தம்பியாரோடு போய் இருக்கிறார். அங்குள்ள சனம் கொடுத்து வைத்தது.

அவருக்கு ஒரு பெயர் இருந்தது. அது தபால்காரருக்கு மட்டும்தான் தெரியும். உட்துறைமுகப் பக்கம் ஒரு கப்பல் முகவரின் கந்தோரில் கிளாக்காக இருந்தபடியால் ஒழுங்கை முழுக்க அவரைக் கந்தோர் அக்கா என்றது. ஐம்பது கடந்த, கலியாணம் கட்டாத, மெலிந்த மனிசி. வெயிலோ மழையோ கையில் கறுப்புக் குடை. காலையில் அந்தக் குடையால் தட்டி, எங்கள் ஊர்த் தெருக்களில் மாடுபோலத் திரிந்து வாசலில் வந்து படுக்கும் மான்களை எழுப்பிவிட்டுத்தான் வேலைக்குப் போவார். "எழும்புங்கோடி மூதேவியள். உங்களைப் பாக்கவெண்டு கொழும்பில இருந்து சனம் பஸ் ஏறி வருகுதாம். என்னத்தைக் கண்டதோ தெரியேல்லை" என்பார். மான்கள் மெதுவாக எழும்பி அடுத்த வீட்டு வாசலில் போய்ப் படுக்கும்.

மானுக்கும் நாவூறு படும் என்பது அவருடைய முடிவு. நாவூறுதான் அவருக்கு எல்லாம். ஒரு நல்ல பிள்ளையையோ நல்ல பொருளையோ ஒருவர் ஆசையாகப் பார்த்து வாய்விட்டுப் புகழ்ந்தால் அன்றைக்கே அதற்குக் கேடு தொடங்கிவிடும். இதில் அவருக்கு ஒரு சந்தேகமும் இல்லை. ஊரில் எல்லாரும் அடுத்தவரின் கண்ணுக்குத்தான் பயப்படுவார்கள். இவர் பயந்தது தன்னுடைய கண்ணுக்கு. அதனால் எதையும் நேரே பார்க்கமாட்டார், மூக்குக் கண்ணாடியின் ஓரத்தால்தான் பார்ப்பார். எதையும் புகழவும் மாட்டார். பிடித்திருந்தால் ஏசுவார். மிகவும் பிடித்திருந்தால் காது கொடுத்துக் கேட்க முடியாதபடி ஏசுவார்.

இது தெரியாமல்தான் நாங்கள் அந்த ஒழுங்கைக்குக் குடிவந்தோம். எங்கள் ஒரே மகன் சுதன் பிறந்து அப்போது முப்பத்தொன்றாம் நாள் துடக்குக் கழிந்து ஒரு கிழமைகூட ஆகவில்லை. அக்கா ஒரு சீப்பு வாழைப்பழத்தோடு பிள்ளை பார்க்க வந்தார். தொட்டிலுக்கு மேலே குனிந்து ஓரக்கண்ணால் பார்த்தார்.

"ஐயோ, இதென்ன பிள்ளை? சுட்ட கத்தரிக்காய் மாதிரிக் கிடக்கு!"

சொல்லிவிட்டுப் பக்கத்தில் மூன்று தரம் தூ தூ என்று துப்பினார். வாழைப்பழத்தைக் கதிரையில் வைத்துவிட்டுப் போய்விட்டார். என் மனிசி அன்றைக்குச் சோறு தின்னவில்லை. எனக்கு வந்த கோபத்தில் வாழைப்பழத்தை மதிலுக்கு மேலால் எறியப் போனேன். நல்ல கதலி என்றபடியால் விட்டேன்.

பின்னேரம் எதிர்வீட்டுக்காரி வந்து விசாரித்தார். விசயத்தைக் கேட்டதும் அவருக்கு வாய் திறந்தது மூடவில்லை.

"சுட்ட கத்தரிக்காய் எண்டே சொன்னவ? விசரே பிள்ளை உனக்கு, இதுக்குப்போய் அழுறாய்? இந்த ஒழுங்கையில ஒருத்தருக்கும் அப்பிடிச் சொல்லேல்லை. என்ர மகளைப் பாத்து 'பறவாயில்லை' எண்டவ. நாங்கள் இண்டைவரைக்கும் அந்தக் கவலையிலதான் இருக்கிறம்."

என் மனிசி உடனே முகத்தைக் கழுவிக்கொண்டு பிள்ளையைத் தூக்கி வாசலில் கொண்டுபோய் நின்றார், நாலு பேர் பார்க்கட்டும் என்று.

அதற்குப் பிறகு நாங்களும் பழகிவிட்டோம். ஒழுங்கையில் ஒரு பெண்பிள்ளை புலமைப்பரிசில் பாஸ் பண்ணியபோது அக்கா படலையில் நின்று, "உந்த மொக்குக்கு ஆர் உவ்வளவு மாக்ஸ் போட்டது? பேப்பர் திருத்தினவருக்குக் கண் தெரியாதோ?" என்று சத்தம்போட்டார். தாய்க்காரி சந்தோசத்தில் வீடு வீடாகக் கேக் கொடுத்தார். இன்னொரு வீட்டில் கலியாணப் பொம்பிளை காரில் ஏறமாட்டேன் என்று நின்றாள். நேரம் போய்க்கொண்டிருந்தது, கோயிலில் ஐயர் போனுக்கு மேல் போன் எடுத்தார். கந்தோர் அக்கா வேலை விட்டு வந்து, ஓரக்கண்ணால் பார்த்து, "வயலுக்க நிக்கிற வெருளி மாதிரி இருக்கிறாய்" என்ற பிறகுதான் அவள் காரில் ஏறினாள்.

கந்தோரிலும் இதே கதைதான். அங்கே புதுசாக ஒரு பெரிய ஃபோட்டோகொப்பி மிசின் வாங்கினார்கள். கொழும்பிலிருந்து வந்த பெரியவர் அதைத் தட்டிக்கொடுத்து "வெரி குட்" என்றாராம். அக்காவுக்கு நெஞ்சு பதறிவிட்டது. பெரியவர் போனதும் மிசினுக்குச் செத்தல் மிளகாய் சுற்றினார். அடுத்த நாள் மிசின் நின்றது. "பாத்தியளே அந்த மனிசன்ர கண்ணை!" என்று என்னிடம் வந்து சொன்னார். திருத்துகிறவன் வந்து கழற்றிப் பார்த்தால் உள்ளே ஒரு மிளகாய்க் காம்பு. இதை நான் சொல்லிக் காட்டியபோது அவர் அசையவில்லை. "காம்பு ஏன் தம்பி உள்ளுக்க போனது? அந்தக் கண் இழுத்தபடியால்தானே?"

நான் படகு எஞ்சின் திருத்துகிறவன். இந்தக் கதைகளைக் கேட்டால் எனக்கு எரிச்சல் வரும். நிலாவெளியிலிருந்தும் புல்மோட்டையிலிருந்தும் எஞ்சினைக் கொண்டுவருகிறவர்கள், கடலுக்குள் போனதும் நிற்கிறது, ஆரோ கண் வைத்துவிட்டார்கள் என்பார்கள். பெற்றோலுக்குள் தண்ணீர் இருக்கும். மதிலுக்கு இந்தப் பக்கம் நின்று நான் அக்காவோடு வருசக்கணக்காகச் சண்டை பிடித்தேன்.

"அக்கா, எஞ்சின் நிண்டால் பிளக்கைக் கழட்டிப் பாக்கவேணும். ஆற்ற கண்ணெண்டு தேடக்கூடாது."

"கல்லடி பட்டாலும் கண்ணடி படக்கூடாது தம்பி. உங்கட பிளக்குக்கு உது விளங்காது."

சொல்லிவிட்டு நான் இல்லாத நேரம் பார்த்து வந்து, பட்டறையில் கிடந்த எஞ்சின்களுக்கெல்லாம் கறுப்புப் பொட்டு வைத்துவிட்டுப் போவார். நான் இரவிரவாகத் திருத்திய எஞ்சின் நன்றாக ஓடினால் புகழ் அந்தப் பொட்டுக்குத்தான் போகும். இறக்கக்கண்டியிலிருந்து மீன் விற்க வருகிற மீன் நானா ஒருமுறை என்னிடமே கேட்டார், "தம்பி, அந்தக் கறுப்புப் பொட்டுக்குத் தனியாக் காசோ?" என்று.

அக்கா ஏன் அப்படி ஆனார் என்பதை என் மனிசிதான் எனக்குச் சொன்னது. இளம் வயதில் அக்கா பக்கத்து வீட்டுக் கைக்குழந்தை ஒன்றைத் தூக்கிவைத்து, "என்ன வடிவான கண்" என்று சொல்லியிருக்கிறார். அடுத்த நாள் பிள்ளைக்குக் காய்ச்சல். ஊரடங்கு போட்டிருந்த காலம். ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோக வழியில்லை. பிள்ளை போய்விட்டது. ஊரடங்கு போட்டவனை ஏச யாருக்குத் துணிவிருந்தது? சனம் இவரின் கண்ணை ஏசியது. பேசி வைத்திருந்த கலியாணமும் அதோடு நின்றுபோனது. இதைக் கேட்டபோது எனக்கு அவர்மேல் இருந்த எரிச்சல் அவ்வளவும் அந்தச் சனத்தின்மேல் திரும்பியது. ஆனாலும் மதிலடிச் சண்டையை நான் விடவில்லை. விட்டால், இந்தக் கதை எனக்குத் தெரியும் என்பது அவருக்கு விளங்கிவிடும் என்று பயந்தேன்.

சுதன் வளர்ந்து ஏ.எல். படிக்கிற வயதுக்கு வந்தான். பள்ளிக்கூடக் கால்பந்து அணிக்கு அவன்தான் கோல்காப்பாளன். ஊரெல்லாம் போதைப்பொருள் கதை பெருத்திருந்த நேரம். பள்ளிக்கூடத்தில் பெற்றோரைக் கூப்பிட்டு, பிள்ளைகளைக் கவனியுங்கள் என்றார்கள். நான் கவனித்தேன். அவன் ரியூசனால் வந்ததும் வாயை ஊதச் சொல்லி மணந்து பார்ப்பேன். பியர் மணம் இல்லை, சிகரெட் மணம் இல்லை. சில நாட்களில் இருமல் பாணி மணக்கும். இனிப்பான மணம். "ரியூசனில ஆரோ இருமுறான் போல, இவனுக்கும் தொத்தீட்டுது. தன்பாட்டில மருந்து வாங்கிக் குடிக்கிறான், பொறுப்பு வந்திட்டுது" என்று மனிசியிடம் சொன்னேன். மனிசிக்கும் பெருமைதான்.

பையன் வரவர ஒரு மாதிரியாக ஆனான். எந்நேரமும் நித்திரைத் தூக்கம். கேட்டதற்கு மறுமொழி வர நேரமெடுக்கும். சோற்றுக் கோப்பைக்கு முன்னால் இருந்து சிரிப்பான். இரவில் கண்முழித்துப் படிக்கிறான் என்று நான் சொன்னேன். போனைப் பார்க்கிறான் என்று மனிசி சொன்னார். பிறகு அந்த மட்ச் வந்தது. கடற்கரைப் பக்க மைதானம். எந்நேரமும் அவனோடு திரிகிற இரண்டு கூட்டாளிகளும் முன்னால் தடுப்பில் நின்றார்கள். எதிர் அணிக்காரன் அடித்த பந்து, அடியென்று சொல்லவும் ஏலாது, உருண்டு உருண்டு வந்தது. கூட்டாளிகள் இரண்டு பேரும் விலகி வழி விட்டார்கள். சுதன் அதைப் பார்த்துச் சிரித்துக்கொண்டே நின்றான். பஸ் ஸ்ராண்டில் சொந்தக்காரரை வழியனுப்புகிறவன் மாதிரி நின்றான். பந்து உள்ளே போன பிறகு கையையும் ஆட்டினான் என்று சிலர் சொன்னார்கள். அதை நான் பார்க்கவில்லை, எழும்பி வந்துவிட்டேன்.

செய்தி கேட்ட கந்தோர் அக்கா மதிலடிக்கு ஓடிவந்தார்.

"தம்பி, உது படிப்புமில்லை, போனுமில்லை. நாவூறு. ஆரோ நல்லா வைச்சிட்டினம்."

"அக்கா, சும்மா இருங்கோ."

"உங்களை ஆர் கேட்டது? வெள்ளிக்கிழமை நான் கழிப்பன்."

வெள்ளிக்கிழமை பின்னேரம் சுதனை எங்கள் முற்றத்தில் கதிரை போட்டு இருத்தினார். அவனோடு ரியூசனுக்குப் போகவென்று வந்திருந்த கூட்டாளிகளையும் விடவில்லை. "இந்த மூண்டு வாலில்லாக் குரங்குகளும் ஒண்டாத்தானே நிண்டதுகள்? ஒண்டா இருக்கட்டும்." செத்தல் மிளகாய், உப்பு, முச்சந்தி மண் எல்லாவற்றையும் கையில் பொத்தி மூன்று தரம் சுற்றி, தணல் சட்டியில் போட்டார்.

இதற்கு ஒரு கணக்கு இருக்கிறது. மிளகாய் நெடி அடித்து எல்லாரும் இருமினால் நாவூறு ஒன்றும் இல்லை. மிளகாய் எரிந்தும் நெடியே வராவிட்டால் பொல்லாத நாவூறு. ஒன்றில் அது, இல்லாவிட்டால் இது. அக்காவின் அனுபவத்தில் மூன்றாவது ஒன்று நடந்ததில்லை.

அன்றைக்கு நடந்தது. சட்டியிலிருந்து புகை கிளம்பியதும் முதலில் என் மனிசி இருமினார். நான் இருமுவதில்லை என்று தீர்மானித்து, பட்டறைக் கதவுக்குப் பின்னால் நின்றேன். நெடி அங்கேயும் வந்து என் தொண்டையைப் பிடித்து உலுக்கியது. எதிர்வீட்டில் இருமினார்கள். வாசலில் படுத்திருந்த மான்கள் எழும்பி ஓடின. அவை ஓடும் என்றே அதுவரைக்கும் எங்களுக்குத் தெரியாது. ஒழுங்கையால் போன மீன் நானா மோட்டார் சைக்கிளை நிறுத்தி, பெட்டியில் தலையைச் சாய்த்து, "யா அல்லாஹ், என்னம்மா எரிக்கிறீங்க?" என்று கேட்டுக் கேட்டு இருமினார். அக்காவே குடையில் ஊன்றிக்கொண்டு கண்ணீர் வழிய இருமினார்.

சட்டிக்கு ஒரு முழம் தள்ளி இருந்த மூன்று பேரும் இருமவில்லை. கோயில் நந்தி மாதிரி அமைதியாக இருந்தார்கள். புகை அவர்களுடைய மூக்குக்குள் போய் வெளியே வந்தது. சுதன் எங்களையெல்லாம் இரக்கத்தோடு பார்த்தான். "மாமி, முடிஞ்சுதோ?" என்று கேட்டான். கூட்டாளிகளில் ஒருவன் நல்ல வாசம் என்று வேறு சொன்னான்.

அக்கா திகைத்துப்போனார். "நெடி இருக்கு. இருந்தும் இவங்களுக்கு இல்லை. அப்ப நாவூறு இருக்கோ, இல்லையோ?" என்று தனக்குத்தானே கேட்டுக்கொண்டு நின்றார். எனக்கு அவர் மாட்டுப்பட்டதில் பெரிய சந்தோசம். "காத்து அந்தப் பக்கம் வீசுது அக்கா. அதுதான் புகை அவங்களில படேல்லை" என்று விஞ்ஞான விளக்கம் கொடுத்தேன். அவர் என்னைப் பொருட்படுத்தவில்லை. யோசித்து யோசித்துக் கடைசியில், மூன்று பேருக்கும் ஒன்றாகச் சேர்த்து ஒருவர் வைத்த கண், அதனால்தான் முறை மாறிக் காட்டுகிறது என்று முடிவுக்கு வந்தார். சந்தேகம் கால்பந்து மாஸ்டர்மேல் விழுந்தது. அவர் ஒரு நாள் மூன்று பேரையும் பார்த்து "நல்ல பிள்ளைகள்" என்று சொல்லியிருந்தாராம். பாவம் அந்த மனிசன், அதன்பிறகு எங்கள் ஒழுங்கையால் போகும்போதெல்லாம் அக்கா ஏன் குடையை விரித்து மறைக்கிறார் என்று தெரியாமல் வணக்கம் சொல்லிக்கொண்டு போனார்.

அடுத்த செவ்வாய் இரட்டிப்பு மிளகாய். பிறகு வந்த வெள்ளிக்கு அதிலும் கூட. சட்டியைக் கண்டாலே ஒழுங்கையில் ஜன்னல்கள் சாத்தப்பட்டன. ஒரு வீடு விடாமல் இருமல். அக்காவுக்கு நெஞ்சு கட்டி, கந்தோரில் போன் பேசமுடியாத அளவுக்கு ஆகிவிட்டது. அந்த மூன்று பேர் மட்டும் சுகமாக இருந்தார்கள்.

ஒரு சனிக்கிழமை மத்தியானம் இருமல் தாங்கமுடியாமல் அக்கா கடைத்தெருவில் இருக்கிற பாமசிக்குப் போனார். இருமல் பாணி ஒன்று தாருங்கோ என்று கேட்டார். பாமசிக்காரர் போத்தலை எடுத்து வைத்துவிட்டு அன்பாக விசாரித்தார்.

"என்னக்கா, இன்னும் சுகமில்லையோ? உங்களுக்கெண்டுதானே அந்தப் பொடியள் மாறி மாறி வந்து வாங்கிக்கொண்டு போறாங்கள். முந்தநாளும் வந்தவங்கள். டொக்டரிட்ட ஒருக்காக் காட்டுங்கோவன்."

"ஆர் பொடியள்?"

"உங்கட ஒழுங்கைதான். கோலுக்கு நிக்கிற பொடியனும் வந்தவன். 'கந்தோர் மாமி மிளகாய் எரிச்சு எரிச்சு இருமுறா, பாவம்' எண்டு சொன்னவன். நல்ல பொடியன்."

ஒழுங்கையில் இருமாத பிள்ளைகள் மூன்றே மூன்று பேர். இருமல் மருந்து வாங்குகிறவர்களும் அவர்கள்தான். அக்கா பிறகு எங்களிடம் சொன்னார், "தம்பி, அந்த நிமிசம் என்ர இருமல் நிண்டுபோச்சு" என்று.

அவர் அங்கே நின்ற அதே நேரம் இங்கே என் மனிசி சுதனைச் சாப்பிடக் கூப்பிட்டுக்கொண்டிருந்தார். அவன் காலையிலிருந்து நித்திரை. கூப்பிட்டும் எழும்பவில்லை, தட்டியும் எழும்பவில்லை. நான் போய்த் தோளைப் பிடித்து உலுக்கினேன். தலை ஒரு பக்கம் விழுந்தது. மூச்சு வந்தது, ஆனால் ஒன்றுக்கும் அடுத்ததற்கும் இடையில் நீண்ட இடைவெளி. பெற்றோல் முடியப்போகிற எஞ்சின் அப்படித்தான் விட்டு விட்டு ஓடும். அவனை ஆட்டோவில் போட்டுக்கொண்டு ஆஸ்பத்திரிக்கு ஓடினோம்.

"என்ன குடிச்சவர்? என்ன குளிசை போட்டவர்?" என்று டொக்டர் கேட்டார்.

"ஒண்டுமில்லை டொக்டர். நான் ஒவ்வொரு நாளும் வாயை மணந்து பாக்கிறனான்" என்றேன். "ராத்திரி இடியப்பம் சாப்பிட்டவன்" என்றார் மனிசி. டொக்டர் எங்கள் இருவரையும் பார்த்த பார்வையை நான் சாகும்வரைக்கும் மறக்கமாட்டேன்.

அப்போது வாசலில் கறுப்புக் குடை தெரிந்தது. அக்கா எங்கள் வீட்டுக்குப் போய், விசயம் கேள்விப்பட்டு, நேரே வந்திருந்தார். பாமசியில் வாங்கிய போத்தலைக் கையில் உயர்த்திப் பிடித்திருந்தார்.

"டொக்டர், உதைத்தான் குடிச்சிருக்கிறான். எவ்வளவெண்டு தெரியாது. கனநாளாப் போதைக்குக் குடிச்சிருக்கிறான். என்ர பேரைச் சொல்லி வாங்கியிருக்கிறான்."

டொக்டர் போத்தலை வாங்கி வாசித்தார். உடனே தாதிமார் ஓடத் தொடங்கினார்கள், எங்களை வெளியே விட்டார்கள். கூட்டாளிகள் வீட்டுக்கும் அக்காதான் போன் எடுத்துச் சொன்னார். வார்டுக்கு வெளியே கிடந்த மர வாங்கில் எவ்வளவு நேரம் இருந்தோம் என்று தெரியாது. டொக்டர் வெளியே வந்து, "செய்யவேண்டியதைச் செய்திருக்கிறம். மூச்சைப் பாத்துக்கொண்டிருக்கிறம். எழும்பும்வரைக்கும் ஒண்டும் சொல்ல ஏலாது" என்றார். பிள்ளையைப் பார்க்கலாம் என்றார்.

மூன்று பேரும் கட்டிலடிக்குப் போனோம். மூக்கில் குழாய், கையில் ஊசி. அக்கா குடையைக் கீழே போட்டுவிட்டு அவனை நேரே பார்த்தார். ஓரக்கண்ணால் இல்லை, நேரே. பதினெட்டு வருசத்தில் முதல் தரம்.

"என்ர ராசா" என்றார். "எவ்வளவு வடிவான பிள்ளை. அந்தக் கண்மடலைப் பாருங்கோ தம்பி. என்ன வடிவான கண்..."

பாதியில் நிறுத்தி இரண்டு கையாலும் வாயைப் பொத்தினார். அவருடைய முகத்தில் அப்படியொரு பயத்தை நான் கண்டதில்லை. என் மனிசி சுவரோடு சாய்ந்துவிட்டார். எனக்கு நாவூறில் நம்பிக்கை இல்லை. ஆனால் அக்கா ஒரு பிள்ளையைப் புகழ்ந்தால் அந்தப் பிள்ளை எங்களுக்கு இல்லை என்பதுதானே அர்த்தம்?

"அக்கா, ஏசுங்கோ" என்றேன். "அவனை ஏசுங்கோ!"

அவர் மாட்டேன் என்று தலையை ஆட்டினார். பொத்திய கையை எடுக்கவில்லை.

"அக்கா, உங்களைக் கும்பிடுறன். ஒரு சொல்லுச் சொல்லுங்கோ."

அவரால் ஏலவில்லை. அப்போது என் மனிசி கட்டில் கம்பியைப் பிடித்துக்கொண்டு, "குரங்கு!" என்று கத்தினார். "வாலில்லாக் குரங்கு! மூதேவி!" நானும் தொடங்கினேன். மொக்கன், வெருளி, பந்து பிடிக்கத் தெரியாத எருமை என்று அக்காவிடம் கேட்டிருந்த அவ்வளவையும் ஒன்றும் விடாமல் சொன்னேன். பக்கத்துக் கட்டில் நோயாளி எழும்பிக் குந்தினார். தாதி ஓடிவந்து, "ஐயா, என்ன இது? பாவம், சாகக்கிடக்கிற பிள்ளை!" என்று என் கையைப் பிடித்தார். நான் அவரை உதறிவிட்டு, "எடேய், சுட்ட கத்தரிக்காய்!" என்று வார்டு அதிரக் கத்தினேன்.

சுதனின் கண்மடல் அசைந்தது. பேரைச் சொல்லிக் கூப்பிட்டால் மறுமொழி சொல்கிறவன் மாதிரி, குழாய்க்குக் கீழால், "ம்... என்ன?" என்றான்.

மருந்துதான் எழுப்பியது, நீங்கள் போட்ட சத்தம் இல்லை என்று டொக்டர் பிறகு எனக்கு விளக்கினார். நானும் அதைத்தான் நம்புகிறேன். கூட்டாளிகள் இரண்டு பேரையும் தாய் தகப்பன்மார் அன்றைக்கே கொண்டுவந்து காட்டினார்கள். பிறகு கனநாள் கிளினிக்குக்குக் கூட்டிக்கொண்டு திரிந்தோம். ஏன்ரா குடிச்சனீ என்று ஒருநாள் அவனைக் கேட்டேன். "அதைக் குடிச்சால் நீங்கள் கதைக்கிறது தூரத்தில கேக்கிற மாதிரி இருக்கும் அப்பா" என்றான். என் மனிசி முதலில் சிரித்தார், பிறகு அழுதார். நான் அன்றைக்கு முழுக்க ஒரு சொல்லும் கதைக்கவில்லை.

கந்தோர் அக்காவும் கதைக்கவில்லை. ஆஸ்பத்திரியால் வந்த பிறகு அவர் எங்கள் வீட்டுப் பக்கமே திரும்பவில்லை. சுதன் ஒழுங்கையால் போனால் குடையைச் சரித்து முகத்தை மறைத்துக்கொண்டார். புகழ்ந்த கண் இன்னும் தன்னிடம் இருக்கிறது என்று பயம். பையன் வேண்டுமென்றே அவருடைய படலையடியில் நின்று பார்த்தான். ஒரு ஏச்சும் விழவில்லை. "மாமிக்கு என்னில கோபம் போல" என்றான். எனக்கோ வேறு கவலை. இவன் உண்மையாக விட்டுவிட்டானா? முகத்தைப் பார்த்தால் தெரியவில்லை. வாயை மணந்து பார்க்கிற வித்தையில் எனக்கிருந்த நம்பிக்கையும் போய்விட்டது.

ஒரு வெள்ளிக்கிழமை பின்னேரம் நானே தணல் போட்டேன். சட்டியைத் தூக்கிக்கொண்டு அக்காவின் வாசலுக்குப் போனேன்.

"அக்கா, வாங்கோ. பிள்ளைக்கு நாவூறு கழிக்கவேணும்."

அவர் சட்டியைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். "உங்களுக்கு உதில நம்பிக்கை இல்லையே தம்பி."

"நம்பிக்கை இல்லை அக்கா. எனக்குத் தெரியவேணும்."

அவருக்கு விளங்கியது. உள்ளே போய்ச் செத்தல் மிளகாயும் உப்பும் எடுத்துக்கொண்டு வந்தார். சுதன் முற்றத்துக் கதிரையில் வந்து இருந்தான். அக்கா மூன்று தரம் சுற்றித் தணலில் போட்டார். புகை எழும்பியது. மனிசி இருமினார். நான் இருமினேன். எதிர்வீட்டில் ஜன்னல் சாத்துகிற சத்தம் கேட்டது. அக்கா இருமலை அடக்கிக்கொண்டு கண்ணாடி ஓரத்தால் அவனையே பார்த்துக்கொண்டு நின்றார். நாங்கள் எல்லாரும் அவனையே பார்த்தோம்.

அவன் அசையாமல் இருந்தான். புகை மூக்குக்குள் போனது. அவன் எங்களைப் பார்த்தான். என் மனிசி என் கையைப் பிடித்தார், நகம் உள்ளே இறங்கியது.

திடீரென்று அவன் முகம் சுருங்கியது. தோள் குலுங்கியது. வயிற்றைப் பிடித்துக்கொண்டு, கதிரையோடு முன்னால் விழுந்து, கண்ணீரும் மூக்குநீரும் ஒழுக ஒழுக இருமினான். நிறுத்தமுடியாமல் இருமினான். நான் என் வாழ்க்கையில் கேட்ட நல்ல சத்தம் அதுதான்.

கந்தோர் அக்கா குடையை ஊன்றிக்கொண்டு நிமிர்ந்தார். பக்கத்தில் மூன்று தரம் துப்பினார்.

"கழுதை கத்துற மாதிரிக் கத்துறான்" என்றார். "இருமக்கூடத் தெரியாத சுட்ட கத்தரிக்காய்."